பட்டறை பதில்கள்: முதல் பிக்கப்

இந்த முறை பைக் கேள்விகளுக்கு லீவு. பின்னால் தொட்டியுள்ள பிக்கப் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களுமாகச் சேர்ந்து தபால் பையை நிரப்பிவிட்டார்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். காரணம் புரிகிறது. சில கடிதங்கள் வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவை.

எனக்கு 17 வயது. மாமா ஓட்டிய பழைய பிக்கப்பை எனக்கே கொடுத்துவிட்டார். இரண்டு வருடமாக மரத்தடியில் நின்ற வண்டி, ஆனால் ஸ்டார்ட் ஆகிறது. உயரம் கூட்டுவது, பெரிய டயர், கூரையில் லைட் பார், முன்னால் வின்ச், கறுப்பு பெயிண்ட் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம் ஐயா?

தம்பி, ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். நிற்கிறதா என்று எழுதவில்லையே! பட்டியலை மடித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வை. கிழித்துப் போடச் சொல்லவில்லை, ஆசை இல்லாமல் யாரும் பழைய வண்டிக்கு அடியில் படுக்க மாட்டார்கள். ஆனால் அதில் இருக்கும் ஐந்தும் வண்டியின் எடையையோ உயரத்தையோ தோற்றத்தையோ மாற்றுகிறவை. வண்டியை நிறுத்துகிற, திருப்புகிற சாமான் ஒன்றுகூட அதில் இல்லை.

முதலில் அடியில் பார். பெரும்பாலான பிக்கப்பில் சேஸ் என்னும் அடிச்சட்டம் தனி. கேபினும் பின்தொட்டியும் அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். மேல் தகடு எவ்வளவு அழுகினாலும் டிங்கரிங் பார்த்துச் சரிசெய்துவிடலாம், சேஸ் அழுகினால் விஷயமே வேறு. கமான் பட்டையின் (ஆக்சிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்) பின்முனை சேஸில் மாட்டியிருக்கும் இடம், எரிபொருள் டேங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத பகுதி, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள் ஆகியவற்றில் சேறு தங்கும், சேறு தங்கினால் ஈரம் காயாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும், செதில் செதிலாக உதிரும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பார். முனை உள்ளே இறங்கினால் சேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த ஆளைக் கூட்டி வந்து காட்டு. நீயே ஒரு தகட்டை வைத்துப் பற்ற வைத்துவிட்டு மேலே கறுப்பு பெயிண்ட் அடித்துவிடாதே. அப்படி மறைத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், அதுதான் பயம்.

அடுத்து பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதன் குணமே அது. புது டாட் 3 வகை பிரேக் ஆயில் கொதிக்க குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் ஆகும். ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கான வரம்பு 140 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போகும். அதனால் பழையதை முழுக்க இறக்கிவிட்டு, வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே புதிதாக ஊற்று. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், எண் பெரிது என்பதற்காக அதை வாங்கி மற்றதோடு கலந்துவிடாதே. பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார், வெடிப்பு தெரிந்தால் மாற்று. கையில் பட்ட ஆயிலோடு வண்டியைத் தொடாதே, பெயிண்டை உரித்துவிடும்.

டயரைப் பட்டன் (வரிப்பள்ளம்) ஆழம் பார்த்து எடை போடாதே. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரித்தது. பத்து வருடம் தாண்டிய டயர் பட்டன் நிறைய வைத்திருந்தாலும் கழற்றப்பட வேண்டியதுதான்.

எஞ்சின் பக்கம் மூன்று வேலை. டேங்கில் நின்ற பழைய எரிபொருளை இறக்கு. ஆயில் குச்சியை இழுத்துப் பார்: பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்படு. மூன்றாவது, எஞ்சினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள். பெல்ட்டாக இருந்து, எப்போது மாற்றினார் என்று மாமாவுக்கு நினைவில்லை என்றால் யோசிக்காமல் மாற்று. பல எஞ்சின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் லைட் பாருக்குச் சேர்த்த காசு எஞ்சினுக்குப் போகும்.

இதெல்லாம் முடிந்தபின் பட்டியலை வெளியே எடு. அதற்குள் நீயே இரண்டு வரியை அடித்திருப்பாய் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பிக்கப்பை எவ்வளவு உயர்த்தலாம்? நண்பன் நான்கு அங்குலம் என்கிறான். பின்னால் கட்டை வைத்து, முன்னால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை முறுக்கினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறான். — வயது 18

உன் நண்பன் சொல்வது போல ஒரே நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு வருவதைப் பற்றித்தான் அவன் பேசவில்லை.

உயர்த்துவதில் இரண்டு வகை. ஒன்று, கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டை கொடுத்து பாடியை மட்டும் தூக்குவது. சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும், பெரிய டயருக்கு இடம் மட்டும் கிடைக்கும். கேட்கச் சுலபம்தான். ஆனால் ஸ்டீயரிங் தண்டு, கியர் லீவர், எரிபொருள் ஊற்றும் குழாய், எர்த் ஒயர் எல்லாம் பாடிக்கும் சேஸுக்கும் இடையே ஓடுகின்றன. பாடி மேலே போனால் எல்லாமே இழுபடும். ரேடியேட்டர் பாடியோடு ஏறி ஃபேன் எஞ்சினோடு கீழேயே நின்றால், ஃபேன் தன் கூட்டில் உரசும். இதற்கெல்லாம் தேவையான சாமான்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இரண்டாவது, சஸ்பென்ஷனையே உயர்த்துவது. உன் நண்பன் சொல்வது இதில் மலிவான வழி. முன்னால் டார்ஷன் பாரை முறுக்கினால் வண்டி ஏறும், ஆனால் ஸ்பிரிங் ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் எடுத்து உயரமாகக் கொடுத்திருக்கிறாய். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க இடமில்லாமல் டங்கென்று முட்டும். சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் கொடுக்கும் பால் ஜாயிண்ட் சாய்வாக நிற்கும். முன் சக்கர இழுவை உள்ள வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சி.வி. ஜாயிண்டும் சாய்வாகச் சுற்றி, அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் கொட்டும். அதனால் முன்னால் முறுக்குவதை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்திவிடுவேன் நான். அதற்கு மேல் வேண்டுமென்றால் முழு கிட் வாங்கு.

பின்னால் ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டை வைக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைக்கக் கூடாது. முன்னாலும் கமான் பட்டை உள்ள வண்டியாக இருந்தால் அங்கே கட்டையே கூடாது, பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட்டைக் கட்டைக்காகக் கழற்றியபின் அதையே திரும்ப மாட்டாதே. ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும். புதிது போட்டு, ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கு.

இப்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய், சேஸில் இருக்கும் சின்ன வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். சுமை ஏற்றினால் சேஸ் தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். நீ பின்பக்கத்தை உயர்த்தினால் அந்த வால்வு என்ன நினைக்கும்? வண்டி எப்போதும் காலி என்றுதான். தொட்டி நிறைய மூட்டை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போதும் பின் பிரேக்கைப் பாதி உறக்கத்தில் வைத்திருக்கும். கம்பியின் இருப்பிடத்தைச் சரிசெய்ய ஒரு சின்ன பிராக்கெட் போதும். உயர்த்துகிறவர்களில் பலர் அதை மாட்டுவதில்லை, ஏனென்றால் வெளியே தெரியாது. எலக்ட்ரானிக் முறையில் பிரேக் பங்கீடு செய்யும் புதிய வண்டிகளில் இந்தக் கம்பி இருக்காது. உன்னுடையதில் இருக்கிறதா என்று முதலில் பார்.

வேலை முடிந்ததும் சேஸை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா என்று பார். முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார். அலைன்மென்ட் பார்க்காமல் சாலைக்குக் கொண்டுபோகாதே.

சரி, என் பதில்: இரண்டு அங்குலம். பார்க்க நன்றாக இருக்கும், வளைவில் கவிழ்த்துவிடுமோ என்று உள்ளே இருப்பவர்கள் கைப்பிடியைத் தேட வேண்டியிருக்காது. உன் ஊரில் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதையும், காப்பீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா என்பதையும் கட்டை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்.

235/75 ஆர் 15 டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டேன். வண்டி மந்தமாகிவிட்டது. எஞ்சின் போய்விட்டதா?

எஞ்சின் அப்படியே இருக்கிறது, கணக்குதான் மாறிவிட்டது. உன் பழைய டயரில் 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், சுமார் 176. மேலும் கீழுமாக 352. ரிம் 15 அங்குலம் என்றால் 381. கூட்டினால் 733 மில்லிமீட்டர். புதியது 31 அங்குலம், அதாவது 787. ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பெரிது.

அதன்படி ஒவ்வொரு கியரும் ஏழு சதவீதம் நீண்டுவிட்டது. மேட்டில் புறப்படும்போது கிளட்ச்சைக் கூடுதல் நேரம் தேய்க்கிறாய், முதலில் தேய்ந்து போகப் போவதும் அதுதான். டயர் கனமாகவும் இருப்பதால் நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும். உன் மீட்டர் முன்பு சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது 80 காட்டும்போது நீ 86-ஐ நெருங்கிவிட்டாய். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகப் பதிவாகும், அதனால் மைலேஜ் இன்னும் மோசமாகத் தெரியும். ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் விகிதத்தை மாற்றினால் இழுவை திரும்பும், ஆனால் அது பெரிய வேலை. பழைய டயரை விற்றுவிட்டாயா? விற்கவில்லை என்றால் நல்லது.

என் மகன் ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ செய்கிறான். கூப்பிட்டால் "ஐந்து நிமிஷம்" என்கிறான். தடுப்பதா, விடுவதா தெரியவில்லை. — ஓர் அம்மா

தடுக்காதீர்கள் அம்மா. ஆனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நான் சொல்வதை மட்டும் பாருங்கள். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வண்டி வெறும் ஜாக்கியில் நிற்கிறதா, அல்லது இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறதா? ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதன் உள்ளே ஒரு சின்ன ரப்பர் சீல் கசிந்தால் வண்டி இறங்கிவிடும், கூப்பிடக்கூட நேரமிருக்காது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் அவன் கை போனாலும் சத்தம் போடுங்கள். செங்கல், சிமென்ட் கல் மேல் நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான். அவை விரிசல் காட்டிவிட்டு உடையாது, சட்டென்று நொறுங்கிவிடும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வேண்டும்.

அப்புறம் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைப்புக் கட்டை இருக்க வேண்டும். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன்" என்பான். பெரும்பாலான பிக்கப்பில் அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எதையுமே பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். கழற்றிய சக்கரத்தைச் சும்மா சுவரில் சாய்த்து வைக்காமல் சேஸுக்கு அடியில் படுக்க வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்ட் கைவிட்டாலும் அது கொஞ்சம் தாங்கும்.

அடியில் போகும் வேலையை வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து செய்ய வேலை எவ்வளவோ இருக்கிறது: போல்ட்டுக்குத் துரு எடுக்கலாம், ஆல்டர்னேட்டரைப் பிரித்துத் துடைக்கலாம். கண்ணாடி போடாமல் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்தால் கிரைண்டரை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் அம்மாக்களுக்கு முழு அதிகாரம் உண்டு.

அண்ணனும் நானும் சேர்ந்து பிக்கப்பில் இரண்டு கூடுதல் லைட் மாட்டினோம். வெளிச்சம் மங்கலாக இருக்கிறது, ஸ்விட்ச் தொட முடியாமல் சுடுகிறது. அண்ணன் இன்னும் அதிக வாட் பல்பு போடலாம் என்கிறான். — வயது 16

அண்ணனைக் கொஞ்சம் உட்காரச் சொல், கண்ணு. ஸ்விட்ச் சுடுகிறது என்று கவனித்தது நீதான் என்று நினைக்கிறேன். பதிலே அதில்தான் இருக்கிறது. பல்பில் வெளிச்சமாக வேண்டிய கரண்ட் ஸ்விட்ச்சில் சூடாகிறது.

மல்டிமீட்டர் வாங்கு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்கும். லைட்டை எரியவிட்டு பல்பின் இரண்டு முனையிலும் வை. இரண்டு வோல்ட் குறைந்தால் அது வழியில் எங்கோ தொலைகிறது. மெல்லிய ஒயர், ஸ்விட்ச், இல்லையென்றால் பெயிண்ட் மேல் வைத்து முறுக்கிய எர்த். கடைசியில் சொன்னதை முதலில் பார், பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த்தைப் பிடி. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். அதிக வாட் போட்டால் இன்னும் கரண்ட் இழுக்கும், ஒயர் உருகும்.

இரண்டு 55 வாட் பல்பு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இதை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக அனுப்பக் கூடாது. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), பல்பு என்று ஒரு வழி. ஸ்விட்ச் அந்த ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற வைப்பதில்லை, ஒயரைக் காப்பாற்ற வைப்பது. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் சேஸில் உரசினால் அதைக் காப்பாற்ற யாருமில்லை. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடு.

இனி ஒயரிங் உன் பொறுப்பு. அண்ணன் ஸ்பேனர் பிடிக்கட்டும்.

சைலன்சரை எடுத்துவிட்டால் பவர் கூடுமா?

சத்தம் கூடும். பக்கத்து வீட்டுக்காரர் உன் பெயரைத் தெரிந்துகொள்வார்.

மழையில் வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்குகிறது. டயர் புதுசு. ஓட்டுநர் உரிமம் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகிறது.

காலி பிக்கப்பின் எடை பெரும்பாலும் முன்னால் இருக்கிறது, இழுப்பதோ பின் சக்கரங்கள். சுமைக்கென்று செய்த கமான் பட்டை காலி வண்டியில் விறைத்து நிற்கும், சின்ன மேட்டில்கூடச் சக்கரம் துள்ளும். எனவே புதுசு டயராக இருந்தாலும் வழுக்கும்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல பிக்கப்களில் பின் டயருக்கு இரண்டு காற்றளவு போட்டிருப்பார்கள், ஒன்று காலி வண்டிக்கு, இன்னொன்று முழுச் சுமைக்கு. காற்றுப் பிடிக்கிறவர் பெரிய எண்ணைப் பிடித்துவிட்டுப் போயிருப்பார். முதலில் அதைப் பார். மழைக்காலத்தில் இரண்டு மணல் மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்து இறுக்கிக் கட்டலாம். பின்கதவு ஓரத்தில் வைக்காதே, முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடி விடும். கட்டாமலும் வைக்காதே, மோதினால் மூட்டை கேபினுக்குள் வரப் பார்க்கும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் தொடும் பழக்கம் இருந்தால் அதை விடு, வேகத்தை வளைவுக்கு முன்னால் குறை.

நான்கு சக்கர இழுவை லீவர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத பழைய வகையைச் சேறு, மணல், தளர்ந்த மண்ணில் மட்டும் போடு. காய்ந்த தார் சாலையில் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழியில்லாமல் கியர்கள் இறுகிக்கொள்ளும்.

கழற்றிய ஒரிஜினல் சாமான்களை இரும்புக் கடையில் போட்டுவிடலாமா? அப்பா இடம் அடைக்கிறது என்கிறார்.

தேய்ந்த பிரேக் ஷூ, பழைய ஹோஸ், பெல்ட், யூ போல்ட்டைப் போடலாம். யாரும் அவசரத்துக்கு எடுத்து மாட்டாமல் இருக்க ஹோஸையும் பெல்ட்டையும் வெட்டிவிட்டுப் போடு. ஸ்பிரிங், பட்டை, ஷாக், பம்பர், ஸ்டீயரிங், ஏர் ஃபில்டர் பெட்டி இவற்றை வைத்திரு. வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும்போதோ விற்கும்போதோ ஒரிஜினல் சாமானைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுவை, இல்லையென்றால் அடுத்த வருடம் ஒரு டப்பா நிறைய போல்ட் இருக்கும், எது எங்கே என்று தெரியாது. கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, எந்தப் பக்கத்து சாமான் என்று துணியில் எழுதிக் கட்டு. அப்பாவுக்கு இடம்தான் பிரச்சினை என்றால் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கை மட்டும் நீ கழற்றியிருந்தால், கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் அதைக் கையாளத் தெரிந்த ஆளிடம் உடனே கொடு.